கரிசலுக்கு அருகே ஒரு கடல் நகரம்

(பத்தாம் வகுப்பு மாணவி எழுதியது)

கோவில்பட்டியில் வாழும் நமக்குக் கடல் என்றவுடன் திருச்செந்தூரும் கன்னியாகுமரியும்தான் நினைவுக்கு வருகின்றன. சுமார் அறுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள தூத்துக்குடியை, கலெக்டர் ஆபீசு இருக்கும் ஊர் என்ற அளவிலேயே நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். அப்பா ஏதாவது மனுக் கொடுக்கப் போவார். திரும்பும்போது ஒரு பெட்டி மக்ரூன் வாங்கி வருவார். அத்துடன் சரி. ஆனால் அந்த ஊரின் தெருக்களையும் பழைய கட்டடங்களையும் கடைவீதியையும் நின்று பார்த்தால் ஒன்று புரியும். அந்தக் கடல் நகரத்தின் வரலாற்றில் நமது கரிசல் மண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே, தோழியரே, அங்கே ஒரு நாள் சென்றால் எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன்.

பருத்தி சென்ற பாதை

தூத்துக்குடிக்கு நாம் இரண்டு வழிகளில் செல்லலாம். பஸ்ஸில் சென்றால் பாரதியார் பிறந்த எட்டயபுரம் வழியாகச் செல்வோம். ரயிலில் சென்றால் கடம்பூரைத் தாண்டி மணியாச்சியில் கிளை பிரிந்து செல்வோம். மதுரையிலிருந்து தூத்துக்குடி வரையிலான இந்த ரயில் பாதை 1876-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. அக்காலத்தில் கோவில்பட்டி சிறிய ஊர். அப்படியிருக்க, இந்த வழியாக ஏன் தண்டவாளம் போட்டார்கள்? அதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று பருத்தி.

கரிசல் மண் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைக் குடித்துவிட்டு, பிறகு மாதக் கணக்கில் செடியைக் காப்பாற்றும். அதனால் குளமும் வாய்க்காலும் இல்லாத மானாவாரிக் காட்டிலும் பருத்தி விளைந்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு கிடைக்கவில்லை. அவர்கள் இந்தியப் பஞ்சைத் தேடினார்கள்; விலை வெகுவாக ஏறியது. நம் பக்கத்துப் பஞ்சு 'டின்னவெல்லி' என்ற பெயரில் சீமைச் சந்தையில் விற்றது. மாட்டு வண்டிகளில் தூத்துக்குடிக்குச் சென்ற பொதிகள், ரயில் வந்த பிறகு ரயிலில் சென்றன. அங்கே பிரஸ்களில் அழுத்திக் கட்டப்பட்டுக் கப்பலேறின.

இதற்குச் சாட்சி இன்றும் இருக்கிறது. தூத்துக்குடியின் பழைய பகுதியில் உள்ள ஒரு முக்கிய வீதியின் பெயர் கிரேட் காட்டன் ரோடு, அதாவது பெரிய பருத்திச் சாலை. ஊர் மக்கள் சாதாரணமாகச் சொல்லும் 'டபிள்யூ.ஜி.சி. ரோடு' என்பதும் மேற்குப் பெரிய பருத்திச் சாலை என்பதன் சுருக்கமே. கடலோரத்து ஊரில் பருத்தி விளையாது. எனவே அந்தச் சாலையின் பெயரில் இருப்பது நம் தாத்தாக்களும் பாட்டிகளும் காட்டில் குனிந்து எடுத்த பருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

பனி பெய்யாத ஊரில் பனிமய மாதா

தூத்துக்குடிக்குச் செல்பவர் முதலில் காண வேண்டியது பனிமய மாதா பேராலயம். போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்தார்கள். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் கத்தோலிக்க மறையைத் தழுவினார்கள். 1542-ல் புனித சவேரியார் இக்கரைக்கு வந்தார். மாதாவின் திருச்சொரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

ஊர் மக்கள் மாதாவை 'தஸ்நேவிஸ் மாதா' என்று அழைக்கிறார்கள். 'தஸ்நேவிஸ்' என்றால் போர்த்துக்கீசிய மொழியில் 'பனிகளின்' என்று பொருள். உரோமாபுரியில் கடும் கோடையில் பனி பெய்ததாகச் சொல்லப்படும் வரலாற்றை ஒட்டி இப்பெயர் வந்தது. பனியையே காணாத, ஆகஸ்டு வெயிலில் கொதிக்கும் ஊரில், ஜூலை 26-ல் கொடி ஏறி ஆகஸ்டு 5-ல் பனிமய மாதாவுக்குத் திருவிழா நடக்கிறது. பத்து நாள் கழித்து நம் காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா திருவிழா வருவதால், இரண்டுக்கும் சென்று வரும் குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு.

இப்போதுள்ள ஆலயத்தில் முதல் பூசை நடந்தது 1713-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள். இந்தத் தேதியைச் சற்று யோசித்துப் பாருங்கள். 1658-லேயே டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்துவிட்டார்கள். டச்சுக்காரர்கள் புரொட்டஸ்டண்டுகள், கத்தோலிக்கருக்கு அவர்கள் தொல்லை கொடுத்தார்கள். அப்படிப்பட்ட டச்சு ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே கத்தோலிக்க மக்களுக்காக இவ்வாலயம் எழுந்தது. ஆளுகிறவர் மதத்தைவிட அந்த மக்களின் பிடிப்பு உறுதியாக இருந்தது. 1982-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இதனைப் பேராலயமாக உயர்த்தினார். 1806-ல் முதன்முதலாக ஓடிய தங்கத் தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. சிறப்பான ஆண்டுகளில் மட்டும் ஓடும். ஆலயத்தின் 300-ஆம் ஆண்டான 2013-லும், பின்னர் 2023-லும் ஓடியது.

அங்கிருந்து சிறிது தூரத்தில் டச்சுக்காரர்கள் 1750-ல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் இருக்கிறது. இரண்டு ஆலயங்களையும் ஒரே காலையில் பார்ப்பது நல்லது. ஒன்றில் ஏராளமான வேலைப்பாடு. மற்றொன்றில் அலங்காரம் மிகக் குறைவு. புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் படித்த ஐரோப்பிய வேற்றுமையை இரண்டு கட்டடங்கள் கண் முன்னே காட்டிவிடும்.

துறைமுகமும் ஒட்டப்பிடாரத்து மனிதரும்

பழைய துறைமுகப் பக்கம் கடலில் ஆழம் குறைவு. அதனால் அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள்தாம் சரக்கை ஏற்றிச் சென்று கப்பலில் சேர்க்கும். தூத்துக்குடித் தோணிகள் அன்று பாய் விரித்துக் கொழும்புக்குச் சென்றன. இன்று இயந்திரம் பொருத்திக்கொண்டு, காய்கறிகளும் கட்டடச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குச் செல்கின்றன.

சென்னையிலிருந்து கொழும்பு செல்லும் பயணிகளும் ஒரு காலத்தில் கோவில்பட்டி வழியாகத்தான் ரயிலில் வந்து, தூத்துக்குடியில் கப்பலேறினார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிக்கு மாறியது. அதற்கு முன் கொழும்புக் கப்பல் வியாபாரம் முழுவதும் ஆங்கிலேயக் கம்பெனியின் கையில் இருந்தது. அதை எதிர்த்து 1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார் வ.உ. சிதம்பரனார். ஒரு பங்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள், பத்து லட்சம் ரூபாய் மூலதனம் என்று திட்டமிட்டார்கள். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி. அவர்களுக்குத் துணை நின்றார். கூலி உயர்ந்தது, வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் கிடைத்தது. நாம் சாதாரணமாக அனுபவிக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை அம்மில்லின் தொழிலாளர்கள் போராடித்தான் பெற்றார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதமே அவர் கைது செய்யப்பட்டார். சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனியே இல்லை. 1911-லேயே அதைக் கலைத்துவிட்டார்கள்.

இந்த வரலாற்றில் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று இருக்கிறது. வ.உ.சி. கடற்கரையில் பிறந்தவர் அல்லர். 1872-ல் ஒட்டப்பிடாரத்தில், நம்மைப் போல் கரிசல் பூமியில் பிறந்தவர். விடுதலைக்குப் பின், பறிக்கப்பட்ட வழக்கறிஞர் உரிமையைத் திரும்பப் பெற்று, நம் கோவில்பட்டியிலேயே சில ஆண்டுகள் தொழில் நடத்தினார். 1932-ல் தூத்துக்குடிக்குக் குடியேறி, 1936-ல் அங்கேயே காலமானார். மழையை நம்பி வாழும் ஊரிலிருந்து கிளம்பிய ஒருவர் கடலில் கப்பல் விட்டார் என்பதை நாம் பெருமையுடன் நினைக்கலாம். 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகத்துக்கு 2011-ல் அவர் பெயரே சூட்டப்பட்டது.

நம் பக்கத்துத் தீப்பெட்டிகளும் அத்துறைமுகம் வழியாகத்தான் வெளிநாடு செல்கின்றன. ஆனால் காலம் எப்படி மாறிவிட்டது பாருங்கள்! அன்று நம் பஞ்சு அங்கே கப்பலேறியது. இன்று தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்கு வேண்டிய வெளிநாட்டுப் பஞ்சு அதே கடற்கரையில் வந்து இறங்குகிறது.

ஏலமும் துட்டும்

மீன் விற்கும் இடத்தைப் பார்க்காமல் திரும்பினால் தூத்துக்குடியைப் பார்த்ததாகாது. திரேஸ்புரத்தில் வல்லங்கள் கரை சேரும் நேரத்தில் சென்றால் சீலா, விளைமீன், பாறை, ஊளி, சாளை என்று வகை வகையாகக் கொட்டிக் கிடக்கும். நமக்கு எல்லாம் 'மீன்'தான்; அங்குள்ள சிறு குழந்தைகூடப் பெயர் சொல்லி அழைக்கும். நாம் வெயிலைப் பார்த்தே உளுந்தும் கம்பும் சோளமும் விதைக்கும் பருவத்தைச் சொல்வதைப் போன்ற அறிவுதான் அதுவும்.

அங்கே விலை கூறுவோர் வாயில் 'ஏலம்' என்ற சொல் ஓயாமல் கேட்கும். அது போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. ஜன்னல், சாவி, அலமாரி, மேஸ்திரி ஆகியனவும் அவர்கள் விட்டுச் சென்றவையே. ஏலம் முடிந்ததும் எண்ணிக் கொடுக்கும் 'துட்டு' டச்சுக்காரரின் செப்புக் காசின் பெயர். ஆண்டவர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய சொற்கள் மட்டும் மீன்கூடை அருகில் உட்கார்ந்திருக்கின்றன.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக இந்த ஏற்பாடு. கோடை விடுமுறையில் செல்பவர்கள் மீன் விலை ஏறியிருப்பதைக் கண்டு வியாபாரியைக் கோபிக்கக் கூடாது. கடைவீதியில் கருவாடும் உடன்குடிக் கருப்பட்டியும் கிடைக்கும். அம்மாமார்கள் பை ஒன்று கூடுதலாக எடுத்துச் செல்வது நலம்.

உண்டு மகிழ

தூத்துக்குடிக்காரர்கள் பரோட்டாக் கடையை 'நைட் கிளப்' என்று சொல்வதுண்டு. இதைப் படிக்கும் மதர் அவர்கள் திடுக்கிட வேண்டாம்! மாலையில் திறந்து இரவில் நடக்கும் கடை என்பதைத் தவிர அதில் வேறொன்றுமில்லை. கல்லில் முறுக வெந்த பரோட்டாவும் சால்னாவும்தான் அங்கு நடக்கும் கேளிக்கை.

ஊரின் புகழ் பெற்ற பலகாரம் மக்ரூன். முட்டையின் வெள்ளைக் கருவைச் சர்க்கரையுடன் நன்றாக நுரைக்க அடித்து, முந்திரிப் பருப்புத் தூளைப் பக்குவமாகக் கலந்து, கூம்பு கூம்பாக வைத்து, மிதமான சூட்டில் நீண்ட நேரம் வேக விடுகிறார்கள். சூடு அதிகமானால் கருகிவிடும். பொறுமைதான் இதன் இரகசியம். காற்றுப் பட்டால் நமத்துவிடும் என்பதால் இறுக மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். ஐரோப்பாவில் வாதுமைப் பருப்பில் செய்யும் பலகாரம் இது. போர்த்துக்கீசியர் வழியாக இங்கு வந்து, வாதுமைக்குப் பதில் முந்திரி சேர்ந்தது என்பார்கள். முந்திரி மரமே பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டு வந்ததுதான்.

நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் இதற்குச் சளைத்ததன்று. 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதிலுள்ள நிலக்கடலையும் ஆதியில் தென் அமெரிக்காவைச் சேர்ந்த பயிர்தான். எங்கிருந்தோ வந்த விதைகளைக் கொண்டு கடலூரார் ஒரு சுவையும் கரிசலூரார் ஒரு சுவையும் கண்டார்கள். தூத்துக்குடிக்குப் போகிறவர்கள் கடலை மிட்டாய் கொண்டு போய்க் கொடுத்து, மக்ரூன் வாங்கி வருவது எங்கள் உறவினர் வீடுகளில் நல்ல பழக்கம்.

வெள்ளை வயல்

நகரை நெருங்கும்போது சாலையோரம் வெள்ளை வெளேர் என்று தெரிபவை உப்பளங்கள். இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதிலும் பெரும் பங்கு தூத்துக்குடி மாவட்டத்துக்கு. மழை குறைவு, வெயில் அதிகம், காற்றும் அதிகம். நம் உழவர்களை வாட்டும் அதே வானிலைதான் உப்பை விளைவிக்கிறது. கரிசல்காரர் மழைக்கு ஏங்குவார். உப்பளக்காரர் மழையைக் கண்டு அஞ்சுவார். 2023 டிசம்பரில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்போது நம் பயிரும் அழிந்தது. அவர்கள் குவித்து வைத்த உப்பும் கரைந்தது.

அந்த உப்பளங்களில் பெண்கள் பலர் வேலை செய்கிறார்கள். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டுமென்று விடியுமுன்பே வந்து, உப்பு நீரில் நின்று வாருகிறார்கள். காலில் வெடிப்பும் புண்ணும் வருகின்றன. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கெடுக்கிறது. பஸ் ஜன்னல் வழியாகப் 'பார்க்க அழகாயிருக்கிறது' என்று சொல்லும்போது, அந்த அழகுக்கு நடுவில் குனிந்து நிற்பவர்களையும் பார்க்க வேண்டும். பருத்தி எடுப்பதும் தீப்பெட்டி ஒட்டுவதும் எப்படிப்பட்ட உழைப்பு என்று அறிந்த ஊரார் நாம். மற்ற ஊராரைவிட நமக்கு அது எளிதில் புரியும்.

போன முத்து

தூத்துக்குடியை முத்துநகர் என்கிறோம். பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் இதற்குத் தெற்கே இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கர் அதை அறிந்திருந்தனர். இன்று கொற்கை கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே ஒரு கிராமமாக இருக்கிறது. முத்துக் குளிப்பவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பிகளைப் பொறுக்கி, மேலே இருப்பவர் கயிற்றை இழுக்க ஏறி வருவார்கள். ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. உயிரைப் பணயம் வைத்தவருக்கு ஒரு பங்கு.

இப்போது அங்கு சென்று 'முத்துக் குளிப்பதை எங்கே பார்க்கலாம்?' என்று கேட்டால் எவராலும் காட்ட முடியாது. நம் கரையில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். சிப்பிப் பார்கள் மீண்டும் அப்படிச் செழிக்கவில்லை. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் இந்தியாவிலேயே முதன்முறையாகச் செயற்கை முறையில் முத்து வளர்த்துக் காட்டினார்கள். அது பெரும் சாதனைதான். எனினும் பழைய முத்துச் சலாபம் திரும்பவில்லை.

தீவுகளின் கதையும் இதுவே. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. அவற்றைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் அரண் போனதும் கடல் தீவுகளைத் தின்றது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள விலாங்குச்சல்லித் தீவு நீருக்குள் போய்விட்டது. வான் தீவு மிகவும் தேய்ந்துவிட்டதால், அதைக் காக்கச் செயற்கைப் பாறைகளைக் கடலுக்குள் இறக்கியிருக்கிறார்கள். 1986-ல் இப்பகுதி கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். கடல் பெரிது, எவ்வளவு எடுத்தாலும் குறையாது என்று அந்தக் கரையில் எண்ணினார்கள். கரிசல் காடு பெரிது, பூமிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது என்று நாமும் எண்ணுகிறோம். ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொண்டே போகிறோம். ஊருணியில் குப்பையைக் கொட்டுகிறோம். 1901-லேயே கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, மானாவாரி மண்ணை எப்படிக் காக்கலாம் என்று நமக்குச் சொல்லி வருகிறார்கள். முத்து போன பிறகு முத்துநகர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. கரிசலுக்கும் பெயர் மட்டும் மிஞ்சும் நிலை வரக் கூடாது.

ஆகவே அடுத்த விடுமுறையில் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைத் தூத்துக்குடிக்கு அழைத்துச் செல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். காலையில் இரண்டு ஆலயங்கள், பிறகு பருத்திச் சாலை, பழைய துறைமுகம், கடைவீதி, மாலையில் ரோச் பூங்காவில் கடற்காற்று என்று ஒரு நாளில் பார்த்து முடிக்கலாம். ஒவ்வொன்றின் முன்னும் நின்று, 'இது எங்கிருந்து வந்தது? யார் உழைப்பால் வந்தது? இன்னும் இருக்குமா?' என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஆசிரியர் வகுப்பில் கேட்கும் கேள்விகளைவிட இவற்றுக்கு விடை தேடுவது சுவையானது. கடற்கரையில் ஒரு பாலிதீன் பையையும் விட்டுவராமல் திரும்புங்கள். மக்ரூன் டப்பாவை மட்டும் மறவாமல் கொண்டு வாருங்கள்.